வடக்குப் பார்த்த மனை

மொட்டைமாடியிலிருந்துதான் வரைவேன் தாடகை மலையை.
பதினொரு வருடமாக அதே மூலை,
ஒரு கால் குட்டையான அதே ஸ்டூல்.
மல்லாந்து கிடக்கிறாள் இறச்சகுளத்துக்கு வடக்கே:
நெற்றி, மூக்கு, மூடாத வாய்,
பிறகு மார்பு, பிறகு மேகம்.

முதலில் போனது பாதம்.
ரிட்டயர்டு தாசில்தார் இரண்டாம் மாடி எழுப்பினார்.
முழங்காலைக் கல்யாண மண்டபம் எடுத்துக்கொண்டது.
கும்பப்பூ அறுத்த கையோடு
டிப்பர்கள் செம்மண் கொண்டுவந்து தட்டும்,
பின்னாலேயே நடக்கும் கொக்குகள்
உழுகிறார்கள் என்று நம்பி.
நான் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டேன்.

போன மாதம் சுஜின் வந்தான், எதிரே வீடு கட்டுகிறவன்.
ஹாலுக்குப் படம், மூன்றுக்கு ஐந்தடி.
"முழுசா வேணும் எக்கா, பாதத்தோட."
தாடகையின் இடுப்பை மறைக்கிற சுவரில்
மாட்டப்போகிறான்.
பாதத்தை ஞாபகத்திலிருந்து போட்டேன்.
சரியா என்று ஒப்பிட இடமில்லை.

நாற்றின் பச்சைதான் படியவில்லை.
வடக்கே பச்சை தீர்ந்துபோயிருந்தது.
இறங்கித் தெற்கே போனேன், பூதலிங்கத்தின் வயலுக்கு.
நாற்பது சென்ட், விலை இன்னும் ஏறட்டும் என்று வைத்திருக்கிறான்.
மோட்டாரைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:
"மலைதானே வரையுதிய? இங்க நின்னு பாருங்க."

பார்த்தேன்.
நெற்றி. அப்புறம் மஞ்சளாய் ஒரு வீடு.
அப்புறம் மார்பு.
வீட்டின்மேல் தொட்டி,
தொட்டிமேல் ஸ்டூல்.

"எங்களுக்கு அவ மூக்கு இல்லாமப் போயி
பதினோரு வருஷம் இருக்கும்" என்றான்,
கோபமாக இல்லை, ஸ்பேனரைத் தேடியபடி.

வரப்பில் உட்கார்ந்து அதை வரைந்தேன்.
மலை ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது.
அந்த மஞ்சள் மட்டும் நாலு நாள் இழுத்தது.
வாங்கும்போது டப்பாவில் அதன் பெயர்
'நெற்கதிர்'.

சுஜினின் தாடகை ஹாலில் காய்கிறாள், மூக்கும் பாதமுமாக,
சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாமல்.
இந்தப் படத்தை யாரும் கேட்கவில்லை.
பூதலிங்கத்திடம் காட்டினேன்.
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
"எல்லாம் சரி, மோட்டார் ஷெட்டை விட்டுட்டியளே."

தகரம், வயர், பழைய சாக்கு.
உண்மைதான், விட்டிருந்தேன்.
நாளைக்குப் போட்டுவிடலாம்.
மாசிக்குள் மனை அளக்க ஆள் வருகிறதாம்,
எண்ணெய் வர்ணம் காய நாளாகும்.