நான்கு நிமிடம் பதினொரு விநாடி

பொத்தானை அமத்தினால்
முதலில் விசிறி எழும்பும்.
பிறகு செய்தவனின் பெயர், வெள்ளை எழுத்தில்.
பிறகு கறுப்பு.

அணைந்த கறுப்பில்லை,
பின்னால் வெளிச்சம் இருக்கிற கறுப்பு.
விடியமுன் வெள்ளவத்தைக் கடல்
தண்ணியா வானமா என்று பிடிகொடாமல் கிடக்குமே,
அது.

மெல்பேர்னில் காலை ஒன்பது,
இங்கே நாலரை.
அங்கே யாருக்கோ கடைவாய்ப்பல் வலிக்கிறது.
நான் தலையணியை மாட்டிக்கொண்டு
கறுப்புக்கு முன்னால் இருக்கிறேன்.

“நேற்றும் நான்கு நிமிடம், சூ.”
சுபாங்கி என்பது அவர்களுக்கு வாயில் வராது.
மாதக் கடைசியில் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு.
போயாவும் தெரியாது அவர்களுக்கு.

பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடிக் கடையில்
இஷ்ராத் அதைக் காதோடு வைத்துக் கேட்டான்.
“டிஸ்க் செத்துப் போய்ட்டு மிஸ்.
புதுசு ஒண்டு போடுவோம்.”
பத்தொன்பதாயிரம்.
போட்டான்.
கறுப்பு அப்படியே இருந்தது,
புதுச் சேட்டுப் போட்ட அதே கடன்காரன்.

அறைத்தோழி மெலானி
வித்துப்போடு என்றாள்.
பிறகு மனம் இரங்கி,
“செவ்வாய் கொச்சிக்கடைக்குப் போறன்,
உன்ர பெட்டிக்கும் ஒரு மெழுகுதிரி” என்றாள்.

ஞாயிறு மத்தியானம்.
பாண் காய்ந்துபோக, சம்பல் காய்ந்துபோக
பாதுகாப்பு முறையில் எழுப்பிப் பார்த்தேன்.
பதினெட்டு விநாடி!
எழுத்தெல்லாம் வீங்கி, படமெல்லாம் முரடாய்,
ஆனாலும் பதினெட்டு.
அப்ப இரும்பில் பிழையில்லை,
ஓட்டுகிறவனில் பிழை.

ஓட்டுகிறவர் இரண்டு பேர்.
ஒரு திரைக்கு இரண்டு டிரைவர்.
ஒன்று பலகையோடு கூடப் பிறந்தது.
மற்றது பிறகு வந்த பெரிய ஆள்,
முன்பு இதை வைத்திருந்தவன் சுட்டு விளையாட ஏற்றியது.
(நெத்மின் என்று ஒரு கோப்புறை கிடந்தது.
திறந்தேன். ஒன்றுமில்லை.)

காலி வீதியில், ஒரே தரிப்பிடத்தில்
நூறும் நூற்றியொன்றும் மூக்கை நுழைத்து நிற்கும்.
இது விடாது, அது எடுக்காது.
கொண்டக்டர்மார் கதவில் தொங்கியபடி
ஒருவன் தாயை மற்றவன் விசாரிப்பான்.
சில்லறையைப் பொத்திக்கொண்டு
உள்ளே இருப்பது நான்.

பெரியவனை முடக்கினேன்.
இருபத்தொரு விநாடி.
திரும்ப இயக்கினேன். கறுப்பு.
திரும்ப முடக்கினேன்,
ஆசைக்கு இன்னொருமுறை.
பிறகு வேரோடு கழற்றி,
இரண்டு வருடம் பழைய பதிப்பைத் தேடிப் போட்டு
உன்னிஷ்டத்துக்குப் புதுப்பிக்காதே என்று பூட்டும் போட்டேன்.
பின்னேரம் ஐந்தரைக்கு
இரண்டு பேரும் ஒரே பாதையில்
ஆளுக்கு ஆள் வழிவிட்டு ஓடினார்கள்.
கைதட்ட ஆளில்லை.

திங்கள்.
அலாரம் பழைய கணக்கில் அடித்துவிட்டது.
நாலு இருபத்தாறுக்கே உள்ளே இருந்தேன்.
பெயர்களுக்குப் பக்கத்தில் வரிசையாய்ச் சாம்பல் புள்ளி,
என்னுடையது மட்டும் பச்சை.
முந்தி வந்த நிமிடங்களை எழுத
அவர்களின் அட்டவணையில் கட்டமில்லை.
கீழும் மேலும் உருட்டிப் பார்த்தேன்,
உண்மையாகவே இல்லை.

செவ்வாய் இரவு மெலானி
மெழுகு பட்ட விரலோடு வந்து
வேலை செய்யுதா என்றாள்.
செய்யுது.
“சொன்னனே” என்றாள் அந்தோனியாரின் ஆள்.
நான் மறுக்கவில்லை.
பத்தொன்பதாயிரத்தோடு பார்த்தால்
மெழுகுதிரி மலிவு.

வியாழன், நாலு இருபத்தெட்டு.
மூலையில் சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது:
புதிய டிரைவர் தயார்.
இப்போதா, பிறகா?

வெளியே முதல் நூறு
வெறும் வீதிக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
பிறகு என்பதை அமத்தினேன்.

எவ்வளவு பிறகு
என்று கேட்டது அது.