இரண்டு இறந்தகாலங்கள்

ககாவுஸ் மொழியில் இறந்தகாலம் இரண்டு.
கண்டதற்கு ஒரு விகுதி,
கேட்டதற்கு வேறு.

மாஸ்கோவில் சாரம் சரிந்தது.
தோதுர் கோம்ராட்டுக்கு வந்த பெட்டியைத்
திறக்கவேண்டாம் என்றார்கள்.

அன்றிலிருந்து கிரானா 'ஒல்முஷ்' என்கிறாள்,
'எ' சொல்லப் போய் உதடு குவிந்துவிடுகிற உயிரோடு:
செத்தானாம்.
பாதிரியாரிடமும் அதே 'ஆம்'.
பென்ஷன் படிவம் மட்டும் ருஷ்ய மொழியில்.
அதில் ஆமுக்குக் கட்டமில்லை;
கையெழுத்துப் போட்டுவிட்டு
வெளியே வந்து துப்பினாள்.

கல்தச்சன் கேட்டான்:
சிரிலிக்கா, லத்தீனா?
எதில் வெட்டினாலும் உயிரின் தலையில் இரண்டிரண்டு புள்ளி,
அதற்குக் கூலி தனி.

அவள் கல்லைத் தடவினாள்.
ஈரமாக இருந்தது, முந்தின நாள் மழை.

பேரை வெட்டு, என்றாள்.
வினைச்சொல்லை
நான் பார்க்கவில்லை.