வால் விடுபட்ட எழுத்து

பத்து வண்டிக் கல் வெட்டினால்
எட்டு வண்டி குப்பைக்கு.
விலா விசோசாவில் இது யாருக்கும் அதிர்ச்சியில்லை.
மீதி இரண்டு வண்டி
ஹோட்டல் கூடங்களுக்கும் குளியலறைகளுக்கும் போய்ச் சேரும்.
எட்டும் இங்கேயே நிற்கும்,
ஒலிவ மரங்களைவிட உயரமாக,
நிலா இல்லாத இரவிலும் வெளுப்பாக.

பெல்மிரோவின் குழிக்கும் செஃபெரீனோவின் குழிக்கும் நடுவே
அப்படி ஒரு மலை.
முப்பது வருடமாக அது யாருடையதும் இல்லை.
நகராட்சி அபராதச் சீட்டு அனுப்பும்போதெல்லாம்
இவர் அவரைக் காட்டுவார்,
அவர் இவரைக் காட்டுவார்.
தபால்காரர் இரண்டு வாசலிலும் தண்ணீர் குடித்துவிட்டு
சீட்டோடு திரும்புவார்.

நான் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.
கட்டி இறுகியதை உடைப்பதற்குச் சம்பளம்.
மார்ச் மாதம் அந்த மலையிலிருந்து ஒரு லாரி ஜல்லி வந்தது,
நொறுக்கி, சலித்து.
கழுவினேன், கழுவினேன்,
தண்ணீர் பாலாகவே ஓடிக்கொண்டிருந்தது.
சிமென்ட், மணல்,
வழக்கமான கல்லில் பாதியை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் இந்த வெள்ளைக் கழிவு.
பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரங்கள்
இருபத்தெட்டு நாள் தொட்டியில் முங்கிக் கிடந்தன.
பொறியாளர் திமோத்தியோ
தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் சொன்னார்:
"பளிங்கு முகம் பார்க்கத்தான், பாரம் சுமக்க இல்லை."

இயந்திரத்தின் இரு தட்டுகளுக்கு நடுவே முதலாவதை வைத்தேன்.
அறுநூறு கிலோநியூட்டன்.
எழுநூறு.
எண்ணூற்று ஐம்பது, வழக்கமான ஜல்லி கைவிடும் இடம்.
தொள்ளாயிரத்து இருபதில்
டப்.
திமோத்தியோ கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இரண்டாவதை வைக்கச் சொன்னார்.
பிறகு மூன்றாவதை.

மூன்றாவதன் பிளவில்தான் அது இருந்தது:
கட்டைவிரல் நகமளவு மெருகேறிய முகம்,
அதில் உளி போன ஒரு வளைவு,
வளைவுக்குக் கீழே வெறுமை.
எந்தப் பெயரின் வளைவாகவும் இருக்கலாம்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் அம்மாவின் பெயர் அசுன்சௌன்.
நடுவில் வரும் அந்த எழுத்தின் அடியில்
ஒரு சின்ன வால் வேண்டும்.
அது இல்லாவிட்டால் ஸகரம் ககரமாகிவிடும்;
அம்மா திரும்பிப் பார்க்கமாட்டாள்.
அவள் கல்லறைக்குச் செதுக்கிய கல்லில் வால் இல்லை.
"தாளில் நீங்கள் எழுதித் தந்ததே அப்படித்தான்"
என்றார் பெல்மிரோ.
அப்பா மறுபேச்சில்லாமல்
இரண்டாம் கல்லுக்கும் எண்ணிக் கொடுத்தார்.
முதல் கல் எங்கே போனதென்று
கேட்கவும் இல்லை.

சோதனை முடிவு ஊருக்குள் வர இரண்டு நாள்கூட ஆகவில்லை.
பேருந்து நிறுத்தம், மழைநீர்க் கால்வாய், பள்ளிக்கூடத்து நடைபாதை,
எல்லாவற்றுக்கும் அந்த ஜல்லி போதும் என்றது நகராட்சி.
டன்னுக்கு நாலு யூரோ.
அன்று மாலையே
மலைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

விசாரணைக்குக் கூடிய அறையில்
செஃபெரீனோ வரைபடத்தை விரித்தார்,
நான்கு மூலையிலும் சாம்பல் கிண்ணங்களை வைத்து.
பெல்மிரோவிடம் வரைபடம் இல்லை.
எழுந்து, தொப்பியைக் கழற்றி,
"அடியில் கிடப்பது என் பட்டறைக் கழிவு.
தொண்ணூற்று மூன்றில் நானே கொட்டினேன்,
ஒரு கல்லறைக் கல்லும் சேர்த்து.
தாள் சரியாகத்தான் இருந்தது.
வால் போட மறந்தது நான்" என்றார்.

சாட்சி உண்டா என்று கேட்டார்கள்.
அவர் விரல்
என்னைக் காட்டியது.

திமோத்தியோ என் பக்கம் திரும்பவில்லை.
துண்டு பைக்குள் கனத்தது,
இருபது கிராம்கூட இருக்காது.
"சொல்கிறேன்," என்றேன்.
"முதலில் அந்த அறுபதாயிரம் எஸ்குடோ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அந்தப் பணம் இன்று எந்த வங்கியிலும் செல்லாது.
பெல்மிரோ சிரிக்கவில்லை.
தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு
ஒவ்வொரு பையாகத்
துழாவத் தொடங்கினார்.