மெட்டி

வெள்ளி கறுக்கிறது என்று
அடகுக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார்,
வில்லாபுரத்தில், உரைகல்லில் இழுத்துப் பார்த்து.
"ஈயமாம்மா இது?"

ரசீது இருக்கிறது. வெள்ளிதான்.
பல்பொடி போட்டுத் தேய்த்தால் ஒருநாள் வெளுப்பு.
வெள்ளைக்கல் மேட்டில் ஏறி இறங்கினால்
மறுபடியும் எள்ளுப்புண்ணாக்கு நிறம்.

வந்த புதிதில் கூமுட்டை வாடை.
முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு
ஓங்கரித்துக்கொண்டே பொறுக்கினேன்.
மூன்றாம் வாரம் வாடை நின்றுபோனது.
"பழகிருச்சு ஒனக்கு" என்றாள் ஒச்சம்மாள்.

பழகவில்லை.
மூக்கு செத்துவிட்டது.

பால் கெட்டிருக்கிறதா என்று
பக்கத்து வீட்டு பல்கீஸிடம் செம்பைத் தூக்கிப் போகிறேன்.
முகர்ந்து சொல்கிறாள்.
சோறு தீய்ந்தால்
புகை கண்ணைக் கரித்த பிறகுதான்
எனக்குத் தெரியும்.

மழை விட்ட மறுநாள்
மேட்டு விரிசல்களில் குமிழ் குமிழாய்
உலை கொதிக்கிற சத்தம்.
அன்றைக்குப் போகாதே என்பார்கள்.
அன்றைக்குத்தான் போவோம்.
மழை கழுவிய செம்புக் கம்பி
தூரத்திலிருந்தே மினுங்கும்.

அப்படி ஒருநாள்
சோணைமுத்து பள்ளத்தில் குனிந்தான்,
பழைய ஃபேன் மோட்டார் ஒன்றுக்காக.
குனிந்தவன் நிமிரவில்லை.
சத்தியமாக அங்கே ஒரு வாடையும் இல்லை.
காலைப் பிடித்து இழுத்துப் போட்டோம்.
தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு
ஒரு விமானம் இறங்கிப் போனது.
கண் முழித்தவன் கேட்டான்,
"மோட்டார் எங்க?"

அதை ஒச்சம்மாள் மகன்
எடுத்துப் போயிருந்தான்.

எனக்கு இருமல் ஆடியில் தொடங்கியது.
பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்,
"பீடி, சுருட்டு?"
இல்லை.
"வீட்டுக்காரர் குடிப்பாரா?"
இல்லை.
மேடு குடிக்கும். இரவும் பகலும்.
நெருப்பு யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது.
இதைச் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீளம்.
தொழில் என்ற இடத்தில்
கூலி என்று எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து,
"கறுப்பா இருக்கவேண்டிய எடம்
வெளுத்திருக்கு, பாருங்க" என்றார்.
நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.
காட்டலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.
விரலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

வாயில் வைத்து இழுக்கிற மருந்து
அங்கே தீர்ந்துபோயிற்றாம், வெளியே வாங்கச் சொன்னார்கள்.
மறுபடியும் வில்லாபுரம்.
இந்தமுறை அவர் உரைக்கவில்லை.
ஈய விலைக்கு எடுத்துக்கொண்டார்.

மெட்டி கிடந்த விரலில்
இப்போது வெளுத்த வளையம் ஒன்று.
வீட்டுக்காரர் பார்த்தார், கேட்கவில்லை.
மேட்டிலிருந்து இறங்கியதும்
காலைக் கழுவிவிட்டு
தினமும் அதை உற்றுப் பார்க்கிறேன்,
கறுக்கத் தொடங்கிவிட்டதா என்று.