முறை முடிக்கும் பொத்தான்

பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதில்
மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை
உர்மோவும் நானும்.

வலது மூலை என்றான் அவன்.
தேடாமல் கைக்குக் கிடைக்க வேண்டுமாம்.
தேடட்டுமே என்றேன்.
ஒரு நாட்டின் ஆண்டை முடித்துவைக்கிறவன்
கொஞ்சம் கையை நீட்டினால் என்ன?

தார்த்து நகரம், பிப்ரவரி.
கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை.
ஆறு உறைந்து கிடக்கும் நாளில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?
ஆனாலும் காலையிலிருந்து
ஒரே சக்கரம் சுற்றிச் சுற்றி நிற்கிறது.
அந்தச் சத்தத்துக்கு மேலேதான் எங்கள் பேரரசு:
இரண்டு மேசை, ஒரு கெட்டில்,
நவம்பரோடு தீர்ந்துபோன மானியம்.

நான் வரைவது தானியம்.
முப்பத்திரண்டு கட்டம் அகலம், முப்பத்திரண்டு உயரம்,
அதற்குள் ஒரு பார்லிக் கதிர்.
முதலாவதைப் பார்த்து உர்மோ, மீன்முள்ளா என்றான்.
ஒன்பதாவது துடைப்பம்.
இருபத்துமூன்றாவது, அன்று அவனுக்கு நல்ல மனநிலை, இறகு.
பிறகொரு இரவு
ஒரே ஒரு கட்டத்தை இடப்பக்கம் நகர்த்தினேன்.
பார்லி வந்து நின்றது.
எப்படி என்று கேட்காதீர்கள்.
அந்தக் கட்டத்தை அழித்தால் மறுபடி மீன்.

உண்ட ஊர் பச்சை, பட்டினி கிடக்கும் ஊர் சிவப்பு.
வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது,
அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்கக் கடைக்காரர் எண்டெல் மேலே வந்தார்.
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
சுட்டியை ஏதோ ஸ்பேனர் போலப் பிடித்தார்.
நாற்பது நிமிடத்தில் பதினொரு ஆண்டு ஆண்டார்.
வரி போட்டார். பாலம் கட்டினார்.
கிழக்கே நாலு ஊர் காலியானது
அவருக்குத் தெரியவே இல்லை.

அப்படிச் சிவந்து கிடந்ததே, பார்க்கவில்லையா?
எது சிவப்பு என்றார்.
எல்லாம் ஒரே சேற்று நிறமாக இருந்தது,
நல்ல மண் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பச்சை
அவருக்குப் பச்சைப் பொய்.

எத்தனை பேர் என்று கேட்டார்.
உர்மோ பதிவைத் திறந்து படித்தான்:
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
விளையாட்டுதானே என்று சொல்லிவிட்டு
ஊற்றிவைத்த காபியை எடுக்காமல் போனார்.

அன்றிரவு நிறங்களை எல்லாம் எடுத்துப் போட்டேன்.
ஊருக்கு ஆறு கூரை,
கூரைக்கு ஒரு புகைபோக்கி,
புகைக்கு இரண்டே கட்டம், நாலு அசைவு.
தானியம் குறையக் குறைய
ஒவ்வொரு கூரையாகப் புகையை நிறுத்தினேன்.
கடைசிக் கூரையும் அடங்கியபின்
ஊரை அழுத்திப் பார்த்தால் ஒரு அடுப்பு,
அடுப்புக்குள் ஒரு பூனை,
சுருண்டு, பதினாலு கட்டத்தில்.

இது எதற்கு என்றான் உர்மோ.
தூங்குகிறது என்றேன்.
அடுப்பிலா?
அடுப்பில்தான்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
வாலுக்கு இன்னொரு கட்டம் வேண்டும் என்றான்.

பொத்தான் வலது மூலைக்கே போனது. நான் தோற்றேன்.
ஆனால் அழுத்தினால்
உடனே வேலை செய்வதில்லை இப்போது.
அரை நொடி, அதற்கும் குறைவாக,
எதையோ விழுங்குவது போல் நின்று, பிறகுதான் ஆண்டு நகர்கிறது.
கணினி பழசாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன்.
அப்புறம் பார்த்தால் அவன் எழுதிவைத்த தாமதம்.
அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச்சில் எண்டெல் மறுபடி வந்தார்.
மூன்றாம் குளிர்காலத்தில் பூனையைக் கண்டுபிடித்தார்.
முதலில் சிரித்தார்.
அடுத்த ஊரை அழுத்தினார். அங்கேயும் பூனை.

இந்தப் பாலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?
முடியாது என்றான் உர்மோ. கட்டியாகிவிட்டது.

கை மூலைக்குப் போனது,
பொத்தானின் மேலேயே நின்றது.
கீழே யாரோ கடை மணியை அடித்தார்கள்.
எழுந்து போய்விட்டார், அழுத்தாமலே.

நாங்கள் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது
திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
தென்மேற்கில் ஒரு கூரையில் மட்டும் புகை,
நாலு அசைவு,
மறுபடி முதலிலிருந்து.