தலையில்லாக் காசு

அந்த டிசம்பரில் புதுக் காசு வந்தது.
ஒரு பக்கம் யாழ்.
மறுபக்கம் கோழி, முயல், காளை, மீன்.
மன்னரின் தலை எங்குமே இல்லை.
"இனிமேல் பூவா தலையா போட்டால்
தலை விழவே விழாது" என்று
பாலினா சந்தை நடுவே கத்தினான்
ஃபெஸ்டஸ் கில்லோலி.
அவனுக்கு அன்று நல்ல போதை.

என் கிடாரிக்கு விலை கேட்டேன்.
தரகன் வானத்தைப் பார்க்கவில்லை,
கிடாரியைக்கூடப் பார்க்கவில்லை,
லிவர்பூல் தந்தியைப் பார்த்தான்.
எங்கள் பவுண்டும் அவர்கள் பவுண்டும்
ஒரே மதிப்பாம், சட்டம் சொல்கிறது.
கயிறு லண்டனில் இருக்கிறது
என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

ஜூனில் கிழங்கு தோண்டக் கடல் தாண்டினேன்.
ஹோலிஹெட் துறையில் தேநீர்க்காரி
என் பென்னியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"கோழியை வைத்து நான் என்ன செய்ய?"
ஆறிக்கொண்டிருந்த கோப்பையை
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
நாலு மாதம் அந்தச் செல்லாக்காசு
காலுறைக்குள் கிடந்தது.

அக்டோபரில் திரும்பினேன்.
கூலி மொத்தமும் மன்னர் தலை.
பாலினா கடையில்
யார் இவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.
மாவு, புகையிலை, விளக்கெண்ணெய்.
கடைக்காரர் கல்லாவைத் துழாவி
மீதியைக் கையில் வைத்தார்:

கோழி.
குஞ்சுகளோடு.