அம்பு காட்டும் இடம்

முப்பத்து நான்காம் வருஷம்
யாரோ தட்டச்சு செய்த ஒரு பத்தி:
கடையிலிருந்து வடக்கே நான்கேகால் மைல்.
பள்ளிக்கூடத்தில் இடது.
வேலிக்கதவு தாண்டி மேட்டின் உச்சி.
ஒற்றை எல்ம் மரத்துக்கு மேற்கே முப்பது தப்படி.

கடை இல்லை.
பள்ளிக்கூடம் இருந்த இடத்தில்
ஆளிச்செடியின் அறுத்த தாள்.
எல்ம் மரத்தைப் பூஞ்சை தின்றது எந்த வருஷமென்று
ஆர்விட் சொல்கிறான், நான் கேட்காமலே.
மைலைத் தின்ன மட்டும்
இன்னும் எதுவும் பிறக்கவில்லை.

தேடுவது உள்ளங்கை அகலப் பித்தளை வட்டு.
நடுவே முக்கோணம், அதன் நடுவே புள்ளி.
கலைத்தால் இருநூற்றைம்பது டாலர் அபராதமென்று
விளிம்பைச் சுற்றி ஒரு மிரட்டல்.
ஈரத்தோலை இழுத்து ஆணியடிப்பதுபோல்
இப்படிப் புள்ளி புள்ளியாய் அடித்துத்தான்
இந்த நாட்டை விரித்தார்கள்.
இப்போது செயற்கைக்கோள் பார்த்துக்கொள்கிறது.
புள்ளிகளுக்கு வேலை போயிற்று,
எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

மற்ற நாளில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
இந்த மேட்டை தினம் இரண்டு தடவை கடக்கிறேன்.
மேடென்று தெரிந்ததில்லை.
வடக்கு டகோட்டாவில் மேடு
இறங்கி நடப்பவரின் மூச்சுக்குத்தான் தெரியும்.

கருவி கூவிய இடமெல்லாம் குத்திப் பார்த்தோம்:
லாடத்தில் பாதி,
பீர் மூடி,
கலப்பை ஆணி,
மறுபடி பீர் மூடி.
பிறகு வேலியோரம் பாசி மூடிய ஒரு வட்டு.
நாங்கள் தேடியது இல்லை, அதன் சாட்சி.
முகத்தில் ஓர் அம்பு: அதோ, அங்கே.
பாறை மடியில் இன்னொரு சாட்சி.
அதற்கும் ஓர் அம்பு.

இரண்டு அம்பும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு
நாடா பிடித்துப் போனோம்.
கோதுமைத் தாள்.
வெட்டுக்கிளி.
ஆர்விட் மண்டியிட்டு விரலால் கிளறினான்,
பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோல்.

பிக்கப் வந்து நின்றது.
டார்லா ஸ்குல்ஸ்டாட், நிலத்துக்காரி.
"எண்ணெய்க் குழாய் கம்பெனியா?"
இல்லை.
"பின்னே?"
இந்தப் பின்னேவுக்கு
பதினோரு வருஷமாய் எங்களிடம் பதில் இல்லை.
"ஒரு பித்தளை வட்டு..." என்றேன்.
அவள் சிரித்துவிட்டாள். "ஏறுங்கள்."

மாட்டுக்கொட்டகைக் கதவைத்
திறந்தபடி பிடித்து நிற்கிறது
ஒரு கான்கிரீட் கட்டி.
அதன் நெற்றியில் வட்டு.
எழுத்தெழுத்தாய்ச் சுத்தியலால் அடித்த
ஹால்வர்சன் என்ற பெயர்,
கடைசி எழுத்து சற்றே சரிந்து.
மாமனாரின் கலப்பையில் மாட்டி வந்ததாம், அறுபத்தொன்றில்.
அபராதம் வாசித்து வேர்த்துப்போய்
இருபது வருஷம் குப்புறப் போட்டிருந்தாராம்.
அவர் போனபிறகு இவள்தான் புரட்டிவைத்தாள்.
கன்றுகள் நக்கி நக்கி
புத்தம் புதுக் காசுபோல் மின்னுகிறது.

"கொண்டு போய்விடுவீர்களா?" என்றாள்.
"காற்றில் கதவு அடித்துக்கொள்ளும்."

படிவத்தில் நான்கு கட்டம்:
நன்று. பழுது. காணவில்லை. அழிந்தது.
வண்டியில் வாக்குவாதம்.
அழிந்தது என்கிறான் ஆர்விட்,
குறி என்பது இடம், பித்தளை அதன் தொப்பி.
நன்று என்கிறேன் நான்,
நூற்றுப்பத்து சதுரமைலில் இதைவிட
நல்லபடி இருப்பது எதுவென்று காட்டு.
ரயில்வே கேட்டில் நின்றோம்.
தானியப் பெட்டிகள் நூற்றிரண்டு எண்ணினேன்.
அவன் பேனாவை மூடிவைத்துவிட்டான்.

திங்கள் காலை மேட்டருகே
கால் தானாய் கிளட்சை மிதித்தது.
பின் இருக்கையிலிருந்து ஐவர், எட்டு வயது:
"ஏன் மெதுவாகப் போகிறோம்? அங்கே என்ன?"

இரண்டு அம்பு, என்றேன்.
"எதைக் காட்டுது?"
கண்ணாடியில் பார்த்தேன்.
முப்பது பிள்ளைகளும்
ஜன்னலின் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.